நெஞ்சு நோவும் நேரக் கணக்கும்

சென்ற திங்கள் இப்பகுதியில் இரத்த அழுத்தத்தைப் பற்றிச் சில செய்திகள் எழுதியிருந்தோம். அதனைப் படித்த சங்க அன்பர்கள் சிலர், "மாரடைப்பு என்கிறார்களே, அது எவ்வாறு வருகிறது? வந்தால் என் செய்வது? வாராமற் காக்க வழி உண்டா?" என்று நம்மிடம் கேட்டனர். நாம் மருத்துவர் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்த்து வருபவர். எனினும் மருத்துவர்களிடம் கேட்டும், அவர்கள் எழுதியவற்றைப் படித்தும் அறிந்தவற்றை நம் குடும்பங்களுக்கு எளிய முறையில் எடுத்துரைப்பது இப்பகுதியின் கடமையாகலின், இத்திங்கள் இருதயத்தைப் பற்றிச் சில சொல்லுகிறோம்.

இதனை எழுதத் தூண்டிய காரணம் மற்றொன்றும் உண்டு. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட சிற்றூர்களில் வாழும் நம் குடும்பங்களில் ஐம்பது வயதுக்கும் உட்பட்ட ஆண்மக்கள் நெஞ்சு நோவினால் திடீரென மறைந்த செய்தி அவ்வப்போது வருகிறது. துக்கம் கேட்கச் செல்லுமிடங்களில் ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம்: "இரவே நெஞ்சு எரிகிறது என்றார், வாயு என்று எண்ணிச் சீரக வெந்நீர் கொடுத்தோம், விடிந்ததும் போகலாம் என்றிருந்தோம்." அந்த விடியல்தான் பலருக்கு விடியாமற் போயிற்று.

இருதயம் செய்யும் தொழில்

இருதயம் அவரவர் கைம்முட்டி அளவே உள்ள தசைப் பை. நிமிடத்துக்கு ஏறத்தாழ எழுபது முறையும், ஒரு நாளைக்கு ஒரு லட்சம் முறையும் சுருங்கி விரிகிறது. ஓய்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் அளவு இரத்தத்தை உடலெங்கும் செலுத்துகிறது. நாம் உறங்கும்போதும் அதற்கு உறக்கமில்லை. விடுப்பும் இல்லை.

உடல் முழுவதற்கும் இரத்தம் தரும் இவ்வுறுப்பு தனக்கு வேண்டிய இரத்தத்தைத் தன்னுள் நிறைந்திருக்கும் இரத்தத்திலிருந்து நேரே எடுத்துக்கொள்வதில்லை. அதன் மேற்பரப்பில் படர்ந்துள்ள வலது, இடது என்னும் இரு சிறு குழாய்களும் அவற்றின் கிளைகளுமே அதற்கு உணவளிக்கின்றன. நிலக்கரி ஏற்றிய நூறு வண்டிகளை இழுத்துச் செல்லும் நீராவி எஞ்சினும் தன் அடுப்புக்குத் தனியே நிலக்கரி பெற்றால்தானே ஓட முடியும்? அதுபோன்றதே இது. அச்சிறு குழாய்கள் அடைபடின், எத்துணை இரத்தம் உள்ளே இருந்தும் பயனில்லை.

ஆண்டுகள் பல செல்லச் செல்ல இக்குழாய்களின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணமும் கலந்த படிவு சேர்கிறது. பாதிக்கு மேல் அடைபடும் வரையில் பலருக்கு யாதொரு துன்பமும் தோன்றுவதில்லை. பின்னர் மேடு ஏறும்போதோ, சுமை தூக்கும்போதோ நெஞ்சு இறுகுகிறது, நின்றால் நீங்குகிறது. இது முன்னெச்சரிக்கை. ஆனால் எல்லார்க்கும் எச்சரிக்கை வருவதில்லை. சிறு படிவே ஆயினும் ஒரு நாள் அதன் மேற்றோல் கிழியலாம். கிழிந்த இடத்தில் இரத்தம் நொடிப்பொழுதில் உறைந்து குழாயை முற்றும் அடைத்துவிடும். நேற்று மாலை பந்து விளையாடியவர் இன்று காலை விழுவது இதனாலேயே.

அடைபட்ட குழாயின் கீழுள்ள தசை ஏறத்தாழ அரை மணி நேரத்தில் மடியத் தொடங்கும். பின்வரும் மணிகளில் அம்மடிவு பரவிச் செல்லும். மடிந்த தசை மீண்டும் உயிர்ப்பதில்லை, தழும்பாகவே நிற்கும். ஆகவே இந்நோயில் மருந்தினும் முதன்மையானது நேரம்.

ரயில்வே ஊழியரிடமிருந்து கிடைத்த பாடம்

இவ்விடத்தில் நம் துறையைச் சார்ந்த செய்தி ஒன்றைக் கூறல் தகும். எஸ். எல். மல்ஹோத்ரா என்னும் ரயில்வே மருத்துவ அதிகாரி, இந்திய ரயில்வேயில் பணிபுரிந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியரின் மரணக் கணக்கை ஆராய்ந்து 1967 ஆம் ஆண்டில் வெளியிட்டார். வடக்கே பஞ்சாப் ஊழியர்கள் நெய்யும் பாலும் மிகுதியாக உண்போர். தெற்கே உள்ளவர்கள் உண்ணும் கொழுப்போ அதனிற் பன்மடங்கு குறைவு. எனவே இருதய நோய் வடக்கே மிகுதி என்றே எவரும் எண்ணுவர். கணக்கு நேர்மாறாக இருந்தது. தெற்கே இந்நோயால் இறந்தோர் விகிதம் வடக்கினும் ஏழு மடங்கு!

இதற்கு உணவின் வகையிலும் உண்ணும் முறையிலும் அவர் காரணம் தேடினார். அவர் கூறிய காரணங்களைப் பிற்கால மருத்துவர் அனைவரும் ஏற்கவில்லை. ஆயினும் ஒன்று தெளிவு. "நாம் நெய் உண்பதில்லை, பருமனாகவும் இல்லை, நமக்கு இந்நோய் வாராது" என்று தென்னாட்டார் எவரும் ஆறுதல் கொள்ள இடமில்லை.

வெளிநாட்டு ரயில்வேயிலும் ஓர் ஆராய்ச்சி நடந்தது. அமெரிக்காவில் ஹென்றி டெய்லர் என்பாரும் அவர்தம் குழுவினரும் ரயில்வே ஊழியரை மூவகையாகப் பிரித்து 1962 இல் கணக்கு வெளியிட்டனர். இருதயக் குழாய் நோயால் ஆண்டொன்றுக்கு ஆயிரம் பேரில் இறந்தோர், தண்டவாளப் பராமரிப்புத் தொழிலாளரில் 2.8, வண்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் தொழிலாளரில் 3.9, குமாஸ்தாக்களில் 5.7. வெயிலில் சம்மட்டி பிடிப்பவனைக் கண்டு இரங்கி, மின்விசிறியின் கீழ் நாற்காலியில் அமர்ந்திருக்கும் நமக்கு இது நல்ல பாடம்! இதற்கு முன்பே 1953 இல் லண்டன் மாநகரில் ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவர் இரட்டைத் தட்டுப் பேருந்துகளில் வேலை செய்வோரை ஆராய்ந்தார். நாள் முழுதும் அமர்ந்து ஓட்டும் ஓட்டுநரைக் காட்டிலும், படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுக்கும் நடத்துநர்க்கு மாரடைப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. ஒரே வண்டி, ஒரே புகை. வேறுபாடு பெரும்பாலும் கால்களில்தான்.

காரணங்கள் எவை?

52 நாடுகளில் நடந்த பெரியதோர் ஆராய்ச்சியின் முடிவு 2004 இல் வெளிவந்தது. முதல் மாரடைப்புக்குரிய ஆபத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஒன்பது காரணங்களுள் அடங்கிவிடுகிறது என்று அது காட்டியது. புகையிலை, இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மனத்துயர், காய்கனி உண்ணாமை, உடலுழைப்பு இன்மை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. தலைவிதி என்று நாம் தள்ளிவிடும் நோயின் பெரும்பகுதி நம் கைக்குள் அடங்குவதே என்பது இதனால் விளங்கும்.

அதே ஆராய்ச்சி தெற்காசிய மக்களைப் பற்றி மற்றொன்றும் கூறியது. பிற நாட்டார்க்கு முதல் மாரடைப்பு சராசரியாக 59 வயதை ஒட்டி வர, நம்மவர்க்கு 53 வயதை ஒட்டியே வந்துவிடுகிறது. ஆறாண்டு என்பது சிறிதன்று. மகளுக்கு மணம் முடிப்பதும், மகன் படித்து வேலைக்குச் செல்வதும், வீட்டுக் கடன் அடைவதும் பெரும்பாலும் அந்த ஆறு ஆண்டுகளில்தான். சொந்த ஊரை விட்டு வந்து, உற்றார் தூரத்திலிருக்க, ஒருவர் சம்பாத்தியத்தில் வாழும் குடும்பத்தில் அந்த ஒருவர் விழுந்தால் வீடே விழும்.

எல்லைப்புறத்தில் நாம் உண்பது

நம் எல்லைப்புறத்து உணவு கெட்டதன்று. கஞ்சியும் பயறும், மரச்சீனியும் மீன் கறியும், முருங்கைக்கீரையும் நம் முன்னோரை நன்றாகவே காத்தன. ஆனால் அவர்கள் உண்டது வயலிலும் விளையிலும் பாடுபட்ட பின்பு. நாம் அதே அளவு சோற்றையும் மரச்சீனியையும் உண்டுவிட்டு நாற்காலியில் அமர்கிறோம். உடல் செலவழிக்காத மாச்சத்து கொழுப்பாகவும் சர்க்கரையாகவும் இரத்தத்தில் நின்றுவிடுகிறது.

அதன்மேல் புதிதாக வந்தவை சில. இரவு தோறும் பரோட்டாவும் பொரித்த இறைச்சியும். கருகிய எண்ணெயில் மறுபடி மறுபடி பொரித்த பண்டங்கள். வேலை இடைவேளையில் சர்க்கரை மிகுந்த தேநீர் நான்கு ஐந்து முறை. இவற்றோடு கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றில் மறைந்திருக்கும் உப்பு வேறு. ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஒரு தேக்கரண்டி அளவே. சமையலில் இடும் உப்பும் இதனுள் அடக்கம். கருவாட்டை நீரில் நன்கு ஊறவைத்துக் கழுவுதல், ஊறுகாயைத் தொட்டுக்கொள்ளும் அளவில் நிறுத்துதல், தட்டில் சோற்றைக் குறைத்து அவியலையும் தோரனையும் கூட்டுதல் ஆகியவற்றுக்குச் செலவு ஒன்றும் இல்லை. தேங்காயை முற்றும் விலக்க வேண்டுவதில்லை. ஆனால் தேங்காய் அரைத்த குழம்பும், தேங்காயெண்ணெயில் வறுத்த மீனும், தேங்காய்த் துவையலும் ஒரே வேளையில் சேர வேண்டுமா என்பதை நம் இல்லத்தரசிகள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

புகையிலைக்கு மட்டும் அளவு என்பது கிடையாது. ஒரு நாளைக்கு இரண்டு பீடிதானே என்பதும், வெற்றிலையோடு சிறிது புகையிலைதானே என்பதும் தம்மைத் தாமே ஏமாற்றுவதாகும். விட்டுவிட்டால் ஓராண்டுக்குள்ளேயே ஆபத்து வெகுவாகக் குறையத் தொடங்குகிறது. எத்துணை வயதில் விட்டாலும் நன்மையே.

நடை வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாட்கள் அரை மணி நேரம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் நடந்தால் போதும். ஸ்டேஷனுக்கு மோட்டார் சைக்கிளில் வருவோர் வாரத்தில் சில நாட்களாவது நடந்து வரலாம்.

முப்பது வயது கடந்தவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அருகிலுள்ள அரசுச் சுகாதார நிலையங்களிலேயே அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கின்றனர். மருந்து கொடுத்தால், "இப்போது நன்றாயிருக்கிறேன்" என்று தாமே நிறுத்திவிடலாகாது. நன்றாயிருப்பதே அம்மருந்தினால்தான்.

நோவு வந்தால்

இதுவே இக்கட்டுரையின் உயிர்நாடி. வீட்டுப் பெண்மக்களும் பள்ளிப் பிள்ளைகளும் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

நெஞ்சின் நடுவில் பாரம் ஏற்றியதுபோன்ற அழுத்தம், இறுக்கம் அல்லது எரிச்சல், அது இடக்கை, தோள், தாடை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல், வாந்தி, மயக்கம். இவற்றுள் எவையேனும் வந்து, ஓய்ந்திருந்தும் சில நிமிடங்களில் நீங்காவிடின் மாரடைப்பு என்றே கொள்ளவேண்டும். பெண்டிர்க்கும், முதியோர்க்கும், நீரிழிவு உள்ளவர்க்கும் நெஞ்சு நோவே இல்லாமல் மூச்சுத்திணறலும், தாங்கொணாச் சோர்வும், மேல்வயிற்று உபாதையும் மட்டுமே தோன்றலாம். "அம்மாவுக்கு வயிறு சரியில்லை" என்று விட்டுவிடலாகாது.

வாயுவா மாரடைப்பா என்று வீட்டில் இருந்தபடி எவராலும் தீர்மானிக்க இயலாது. இ.சி.ஜி. என்னும் மின்பதிவு எடுத்தால்தான் தெரியும். வாயு என்று தெரிந்து திரும்பி வந்தால் ஒரு நாள் உறக்கமே நட்டம். அதற்காக எவரும் நாணவேண்டுவதில்லை.

நோயாளியை உட்காரவையுங்கள். நடக்கவிடாதீர்கள், மாடிப்படி இறங்கவும் விடாதீர்கள். உடனே 108 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும், கேரளத்திலும் தமிழ்நாட்டிலும், இதே எண்தான். ஒவ்வாமையோ வயிற்றுப்புண்ணோ இரத்தக்கசிவோ இல்லாதவராயின், ஆஸ்பிரின் மாத்திரை மெல்லக் கொடுக்கலாமா என்பதை அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளி தாமே வண்டி ஓட்டிச் செல்வது பெருந்தவறு. நினைவிழந்து மூச்சும் நின்றுவிட்டால், மார்பின் நடுவெலும்பில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வரை, ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம் அழுந்துமாறு, உதவி வரும் வரையில் விடாமல் அழுத்த வேண்டும்.

எங்கே செல்வது என்ற வாதம் அவ்வேளையில் வேண்டா. நம்மவருள் சிலர் நாகர்கோவிலுக்குப் போனால் மொழி இலகு என்பர். சிலர் திருவனந்தபுரம் என்பர். சிலர் ஊரிலுள்ள அண்ணனைக் கேட்டுச் சொல்கிறோம் என்பர். அரை மணி போய்விடும். நோவு வராத நாளிலேயே இதனை முடிவு செய்து வையுங்கள். பாறசாலை தாலுகா மருத்துவமனையும், நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனையும் அருகில் உள்ளன. இரத்தக் குழாயைக் கம்பி செலுத்தித் திறக்கும் வசதி திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உண்டு. எங்கே இந்நேரத்தில் அவ்வசதி கிடைக்கும் என்பதை 108 ஊழியரைக் கேட்டு அதன்படி செல்வதே நன்று.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். நாம் "நெஞ்சு வலி" என்கிறோம். மலையாளத்தில் "வலி" என்பதற்கு இழுத்தல், மூச்சிழுப்பு என்ற பொருள்களும் உண்டு. நோவைக் குறிப்பது "வேதன" என்ற சொல். ஆகவே அவசரப் பிரிவில் "நெஞ்சு வேதன" என்றே சொல்லுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கிற்று என்பதையும் சொல்லுங்கள். "கியாஸ்" என்ற சொல்லை நாமாக முதலில் வாயில் எடுக்க வேண்டா. உண்டு வரும் மருந்துகளின் சீட்டை ஒரு பையில் இட்டுக் கதவருகே மாட்டி வைத்திருப்பது நல்ல பழக்கம்.

இத்துணை வற்புறுத்திச் சொல்லுவதற்குக் கேரளத்திலேயே சான்று உண்டு. 2007 முதல் 2009 வரை இம்மாநிலத்தில் 125 மருத்துவமனைகளில் சேர்ந்த 25,748 இருதய நோயாளிகளின் கணக்கை மருத்துவர்கள் திரட்டி 2013 இல் வெளியிட்டனர். நோவு தொடங்கி ஆறு மணி நேரத்துக்குப் பின் மருத்துவமனைக்கு வந்தோர்க்கு மரண அபாயம் இருமடங்குக்கும் மேல் இருந்தது. மருத்துவமனையை அடைந்து அரை மணிக்குள் உறைவைக் கரைக்கும் மருந்து பெற்றோர்க்கு அவ்வபாயம் பாதிக்கும் கீழே இறங்கிற்று. வண்டி தாமதமானால் அடுத்த வண்டி உண்டு. இங்கே அடுத்த வண்டி கிடையாது.

பிள்ளைகளின் தொண்டை நோவு

இருதய நோய் முதியோர்க்கு மட்டும் உரியதன்று. பிள்ளைகளுக்கு ஒருவகைக் கிருமியால் தொண்டை நோவு வந்து, அதனைக் கவனியாது விட்டால், சில வாரங்களில் மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் வரலாம். இக்காய்ச்சல் இருதயத்தின் வால்வுகளைக் கெடுத்துவிடும். காய்ச்சலோடு கூடிய தொண்டை நோவுக்கு மருத்துவர் தரும் மருந்தை முழுமையும் கொடுத்து முடித்தால் இது வாராது.

வால்வு கெட்டோர்க்கு உதவும் பெரும்பணி ஒன்று நம் அருகிலேயே நடந்தது. திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தானும் அவர்தம் குழுவினரும் செயற்கை வால்வு ஒன்றை உருவாக்க முனைந்தனர். வெளிநாட்டு வால்வின் விலை ஏழைகளுக்கு எட்டாததாயிருந்த காலம் அது. முதலிற் செய்த மாதிரிகள் சோதனையில் தோற்றன. அவர்கள் தளரவில்லை. இறுதியில் 1990 டிசம்பர் 6 ஆம் நாள் அவ்வால்வு முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர்க்கு அது பொருத்தப்பட்டுள்ளது. வலியத்தான் 2024 ஜூலையில் மறைந்தார். அவர் செய்த வால்வு பலர் நெஞ்சில் இன்றும் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது.

குடிபெயர்ந்தோர் குடும்பங்களாகிய நமக்கு மற்றொருவரையும் நினைவூட்ட விரும்புகிறோம். பர்மாவில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தில் 1917 இல் பிறந்த எஸ். பத்மாவதி, போர்க் காலத்தில் தாயுடனும் சகோதரியருடனும் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தார். பின்னர் வெளிநாடு சென்று கற்று, இந்தியாவின் முதல் பெண் இருதய மருத்துவர் ஆனார். 1962 இல் அகில இந்திய இருதய நிறுவனத்தைத் தோற்றுவித்தார். முதுமையிலும் நீந்துவதை விடாத அவர் 103 வயது வரை வாழ்ந்து 2020 இல் மறைந்தார். நோயைத் தீர்ப்பதினும் வாராமற் காப்பதே எளிது என்பதைப் பிறர்க்குச் சொன்னதோடு தாமும் நடந்து காட்டியவர்.

அன்பர்களே, இத்திங்கள் ஒவ்வொரு வீட்டிலும் மூன்று காரியங்கள் செய்யுங்கள். முதலாவது, 108 என்ற எண்ணையும் செல்லவேண்டிய மருத்துவமனையின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டாவது, வீட்டிலுள்ள பெரியவர்களின் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்து வாருங்கள். மூன்றாவது, இரவில் எவரேனும் நெஞ்சு சரியில்லை என்றால் விடியட்டும் என்று சொல்வதில்லை என உறுதி கொள்ளுங்கள்.

அடுத்த திங்கள் நீரிழிவைப் பற்றி எழுத எண்ணியுள்ளோம். ஐயங்கள் உள்ளோர் சங்கத்தின் முகவரிக்கு எழுதினால், மருத்துவரிடம் கேட்டு இப்பகுதியில் விடை தருவோம். வாழ்க நலமுடன்.